திரை இருண்ட பதினொரு நிமிடங்கள்

உங்கள் மின்விசிறி ஒரு பக்கமாக ஆடுகிறது, ஐயா. மேலே ஒரு திருகை இறுக்கினால் போதும். தொழில் புத்தி, கண்ணில் பட்டுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் கணினிகளைப் பராமரித்தவள் நான்.

மூளை அறுவைக் கூடத்தில் ஒரு திரை உண்டு. மண்டைக்குள் ஊசி எங்கே போகிறது என்று டாக்டருக்குக் காட்டும். அதை இயக்குவது லினக்ஸ் கணினி. அதில் படத்தை வரையும் கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு டிரைவர்கள், அதாவது கார்டை ஓட்டும் மென்பொருள்கள். ஒன்று லினக்ஸோடு இலவசமாக வருவது, மற்றது கார்டைத் தயாரித்தவர்கள் தருவது. ஒரே சமையலறையில் இரண்டு மருமகள்கள் மாதிரி. ஒருத்தி அடுப்பைப் பற்றவைத்தால் மற்றவள் அணைப்பாள். அதனால் ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி எழுதி இலவச டிரைவரைத் தூங்க வைத்திருப்போம். அந்த வரி இல்லாமல் கணினியை மறுபடி கிளப்பினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். திரை கறுப்பாகிவிடும்.

எங்கள் பிரிவுத் தலைவருக்கு 'ரீஸ்டார்ட் மாமா' என்று பெயர். ஆபரேஷனில் ஒன்றரை மணி நேரம் தொடர்ந்து காட்டினால் அந்தத் திரையில் படம் இழுபட்டுப் பின்தங்கும். நிரந்தரத் தீர்வை இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். மனிதர் படிக்கக்கூட இல்லை. ஆபரேஷனின் நடுவிலேயே ரீஸ்டார்ட் அடிப்பார். நாற்பது நொடியில் படம் திரும்பிவிடும். டாக்டரும் அந்த நாற்பது நொடிக்குக் கையை அசைக்காமல் பழகிக்கொண்டார்.

என் தம்பியும் அங்கேதான் வேலை பார்த்தான். போன வருடம் ஓர் அப்டேட்டில் அதே திரை கெட்டுப்போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் "அனுமதியில்லாமல் செய்தான்" என்று மாமா அறிக்கை எழுதினார், தம்பியின் வேலை போனது. வேறு எங்கும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்போது சோற்றுத் தட்டை வாங்கிக்கொண்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். முன்பெல்லாம் வாயைத் திறந்தால் மூடமாட்டான், ஐயா.

மாமா விட்டாரா? போன மாதம் எல்லார் எதிரிலும் கேட்டார்.

"என்னம்மா, உன் தம்பி இன்னும் குப்புறப் படுத்துட்டுதான் இருக்கானா? பேசாம ஒரு தலகாணிக் கடை வெச்சுக் குடேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மதியமே அந்த வரியை நீக்கினேன். நீக்கியதும் ஒன்றும் தெரியாது. இரவிலும் அணைக்காத கணினி அது, ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில்தான் விஷயம் வெளியே வரும். அந்த பட்டனை அழுத்தப்போவது யாருடைய விரல் என்று எனக்குத் தெரியும்.

ஆபரேஷன் மேசையில் ஆள் இல்லாதபோது திரை இருண்டால் அது வெறும் ரிப்பேர், அவரை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அதனால் மறுநாளுக்கான பட்டியலைப் பார்த்தேன். முதல் பெயர் ஒரு தையல்காரர். கை நடுக்கத்துக்கான ஆபரேஷன். கூடத்தில் வைத்திருந்த மாற்றுக் கணினியைச் சர்வீஸுக்கு அனுப்பிவிட்டேன்.

காலையில் தாழ்வாரத்தில் தையல்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஊசியில நூல் கோத்தாப் போதும்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்றார். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

நான் கூடத்துக் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்டது.

"படம் இழுக்குதுய்யா" என்றார் பெரிய டாக்டர்.

"நாப்பதே செகண்டு டாக்டர். இதோ வந்துடும்" என்றார் மாமா.

நாற்பது நொடி ஆனது. பிறகு ஒரு நிமிடம்.

"எங்கய்யா படம்? ஊசி உள்ள இருக்கு."

"வந்துடும் டாக்டர், வந்துடும்..."

மறுபடி ரீஸ்டார்ட். மறுபடியும் இருட்டு. வேறெதுவும் அவருக்குத் தெரியாது. என் கைபேசி அதிர்ந்தது. நான்காவது அழைப்பில் எடுத்தேன்.

"தாயே, எங்க இருக்க? ஓடி வாம்மா!"

"வரேன் சார்" என்றேன்.

அந்த வரியைத் திரும்ப எழுத இரண்டு நிமிடம் போதும். பதினொரு நிமிடம் கழித்துத்தான் உள்ளே போனேன். அதற்குள் டாக்டர் படமில்லாமலே ஊசியை வெளியே எடுக்கப் பார்த்திருக்கிறார். ரத்தக்குழாய் கிழிந்துவிட்டது. மாமா சுவரோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கத்தான் ஒரு வருடம் காத்திருந்தேன். இரண்டாம் நாள் தையல்காரர் இறந்துவிட்டார்.

நானாக ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரி விசாரணையில் 'இயந்திரக் கோளாறு' என்று முடித்துவிட்டார்கள். திங்கட்கிழமை மாமா வேலைக்குத் திரும்புகிறாராம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வரியை நீக்கியது நான், மாற்றுக் கணினியை அனுப்பியது நான், கதவுக்கு வெளியே நின்றதும் நான். எழுதிக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்திய விரல் அவருடையது, அதையும் விடாமல் எழுதுங்கள்.

கிளம்புமுன் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாதக்கணக்கில் பேசாதவன் அழுதான். "அக்கா, சார் வேணாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்காம அப்டேட் போட்டேன். வேலை போன அன்னைக்கே உன்கிட்ட சொன்னேனேக்கா" என்றான்.

சொன்னான்தான், அன்றும் நான் நம்பவில்லை. என் தம்பி அப்படித்தான், ஐயா. யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டான்.