லிப்ட் உள்ள வீடு

பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் போகிற பஸ். எனக்கு முன்சீட்டில் ரொம்ப நாள் கழித்துச் சந்தித்த இரண்டு சேக்காளிகள். வாடகைக்கு வீடு தேடுகிறவர் போனை நீட்டினார்.

"இங்கன பாரும் வே. அடுக்குமாடி, நாலாவது மாடி. எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க."

மற்றவர் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அங்கன இருந்து செத்துப்போனவங்க யாரும் ஸ்டார் போடல வே."

நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். காதைத் திருப்ப முடியவில்லை. மற்றவர் தொடர்ந்தார்:

"நானும் ஸ்டாரைப் பாத்துதான் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோனேன். அம்மைக்கு மூட்டுவலி, லிப்ட் வேணும்லா. ஆனா அவளுக்கு லிப்டுன்னா பயம். மொத நாளு படியிலயே உக்காந்து உக்காந்து ஏறினா. பொறவு கீழ இறங்கவே இல்ல."

"ஒரு நாளு கூடவா?"

"போன மாசம் இறங்கினா, உசுரு போன பொறவு. படி ஒடுக்கம், படுக்க வச்சுத் திருப்ப முடியல. பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சு, சேலையால கட்டி, லிப்டுலதான் கொண்டாந்தோம்."

பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறியது. கேட்டவர் போனை அணைத்துப் பையில் போட்டார்.

"கதவு மூடினதும் அவ கையைப் புடிச்சுக்கிட்டேன் வே. பயப்படுவாள்லா."