கயித்தான் சுவாமி ஏன் கப்பல் ஏறவில்லை

மறைக்கோட்ட முதல்வர் அவர்களே, அருட்சகோதரிகளே, எங்கள் அந்தோனியார் கோவில் மூப்பர் யாகோப்பு அண்ணை அவர்களே, வாங்கில் இடம் பிடித்தும் பிடிக்காமலும் இருக்கும் பங்கு மக்களே, கடைசி வரிசையில் கட்டிய மூட்டைகளோடு வந்து இருக்கும் தெல்லிப்பழைச் சொந்தங்களே! எல்லோருக்கும், சுவாமிமார் தங்கும் அறைவீட்டுக் குசினியிலிருந்து லூர்த்தம்மாவின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லாம் படித்தவர்கள். முப்பத்தொரு நாளுக்கு முன் மறைந்த எங்கள் பங்குத்தந்தை, அருட்தந்தை கயித்தான் செல்வரட்ணம் அடிகளாரை ஒளிவிளக்கு என்றார்கள், கலங்கரை என்றார்கள். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். சுவாமிக்குச் சோறு சமைத்தவள், அங்கி தோய்த்தவள். விளக்கைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? விளக்குக்கு எண்ணெய் இல்லாமல் அந்த மனிதர் பட்ட பாடுதான் தெரியும். அதைச் சொல்லத்தான் ஏறி நிற்கிறேன். நீட்டினால் அதட்டுங்கள். சுவாமியும் என்னை அப்படித்தான் நிறுத்துவார்.

அந்த அங்கியிலிருந்தே தொடங்குகிறேன். ஹெலிகொப்டர் வந்து சுற்றுகிற நேரமெல்லாம் சுவாமி எங்களைக் கோவிலுக்குள் கலைத்துவிட்டு, தான் முற்றத்தின் நடுவில் போய் நிற்பார். ஏன்? "மேலை இருக்கிறவனுக்கு வெள்ளை தெரியட்டும். இது கோவில் எண்டு விளங்கட்டும்" என்பார். ஐயோ, என் மக்களே! எந்த வெள்ளை? யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கண்டது எந்தக் காலம்? நான் அதைச் சாம்பலில் தோய்த்துத் தோய்த்து அது மடையான் கொக்கின் மண்நிறத்துக்கு வந்துவிட்டது. "சுவாமி, மேலை இருக்கிறவன் உங்களைச் சாக்கு எண்டு நினைக்கப்போறான்" என்றேன். "சாக்குக்கு ஆர் சுடுவான்? அதுவும் பாதுகாப்புத்தான் லூர்த்தம்மா" என்றார். அதுதான் எங்கள் சுவாமி! நடுங்கிக்கொண்டு நின்றார், நான் கண்டேன். நடுங்கிக்கொண்டும் நின்றார்!

போன வருடம் ஆனி மாதம் தெல்லிப்பழைப் பக்கம் ஷெல் மழையாகக் கொட்டியது. தோட்டம் செய்து வாழ்ந்த சனம் வெங்காயம் கிண்டாமல், மாடு அவிழ்க்காமல் ஓடி எங்கள் கரைக்கு வந்தது. அவர்கள் சைவர், நாங்கள் வேதக்காரர். அவர்கள் மண்ணைக் கிண்டுகிறவர்கள், நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் தண்ணீர் குடித்துப் பழகாத சனம். சுவாமி என்ன செய்தார்? பங்கு மண்டபத்தின் கதவைத் திறந்தார். பாய் விரித்தார். "வாங்கோ" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, வந்த சனத்துக்கு நல்ல சாப்பாடு கொடுக்கவேண்டும் என்று வெளிக்கிட்டோம். வெள்ளிக்கிழமை நாங்கள் இறைச்சி தொடமாட்டோம் அல்லவா? வந்த சனமும் விரதக்காரர் என்று கேள்வி. ஆகவே இறைச்சி ஒரு துண்டும் படாமல், புதுக் கிடாரத்தில், பத்தியமாக, பக்தியாகச் சமைத்தோம். என்ன சமைத்தோம்? விளைமீன் குழம்பு! மணக்க மணக்க! ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டுபோய் மண்டபத்தின் நடுவில் இறக்கினோம்.

அங்கே இருக்கிறாரே பரமலிங்கம் அண்ணை, அவருடைய மனைவி சிவக்கொழுந்து அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார்.

"ஐயோ பிள்ளை, வெள்ளிக்கிழமையிலை மீனோ?"

"ஓம் அக்கா, வெள்ளிக்கிழமை எண்டபடியால்தான் மீன். இறைச்சி ஒண்டும் படேல்லை, துப்புரவாச் சமைச்சது!"

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரும் கை நனைக்கவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். தாய்மார் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். வாசலில் நின்ற எங்கள் ஆட்களின் முகம் கறுத்தது. "எங்கடை கைச்சோறு உவையளுக்கு ஆகாதாம். கண்டியளே?" என்றார் யாகோப்பு அண்ணை. அண்ணை, நீங்கள் சொன்னதுதான், அந்தப் பக்கம் பார்க்காதேங்கோ! பழைய கோபம் எல்லாம் அந்தக் கிடாரத்தோடு கொதிக்கத் தொடங்கியது. அன்றைக்கே அவர்கள் எழும்பிப் போயிருப்பார்கள். நாங்களும் போகட்டும் என்று விட்டிருப்போம்.

சுவாமி வந்தார். மூடியைத் திறந்தார். மணந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"லூர்த்தம்மா, பசிச்சிருந்த ஆண்டவரைச் சாத்தான் வெறும் கல்லைக் காட்டித்தான் சோதிச்சவன். நீர் விளைமீனைக் காட்டியெல்லோ இந்தச் சனத்தைச் சோதிக்கிறீர்!"

முதலில் சிரித்தவர் சிவக்கொழுந்து அக்கா. பிறகு நான். பிறகு வாசலில் நின்றவர்கள். சுவாமி பரமலிங்கம் அண்ணைக்குப் பக்கத்தில் பாயில் இருந்தார். "அண்ணை, வெள்ளிக்கிழமையிலை உங்கடை வீட்டிலை என்ன சமைக்கிறனீங்கள்? எங்களுக்கும் ஒருக்காச் சமைச்சுக் காட்டுங்கோவன்" என்றார். சோறு போட வந்தவர்கள் நாங்கள். எங்களைச் சாப்பிட வரச் சொல்லித் திருப்பிவிட்டார் மனிதர்! அடுத்த வெள்ளியிலிருந்து அந்தப் பெண்கள் சமைத்தார்கள், நாங்கள் தட்டோடு போனோம். வரிசையில் முன்னுக்கு நின்றவர் கயித்தான் சுவாமி. "மரக்கறி திண்டு வலை இழுக்கேலாது" என்று சொன்ன ஒருவர், பேர் சொல்லமாட்டேன், மேடையில்தான் இருக்கிறார், கத்தரிக்காய்க் குழம்புக்கு இரண்டாம் தரமும் வரிசையில் நின்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்துவிட்டு இதையும் கேளுங்கள்.

கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்ததே! வள்ளம் எல்லாம் மணலில் கவிழ்ந்து கிடந்ததே! அந்தக் கிழமைகளில் எங்கள் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டார்கள்? கோவில் பின்வளவில் ஒன்றும் முளைக்காத மணலில், கிணற்றிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து பரமலிங்கம் அண்ணையும் ஆட்களும் கிளப்பிய மரவள்ளிக்கிழங்கைத்தானே? யார் யாருக்குச் சோறு போட்டது என்று இனி யார் பிரித்துச் சொல்லப்போகிறீர்கள்?

இப்போது வலிக்கிற இடத்துக்கு வருகிறேன்.

சுவாமிக்குச் சீனி வருத்தம். ஊசிமருந்து இல்லாமல் அந்த உடம்பு ஓடாது. மின்சாரம் இல்லை, குளிர்ப்பெட்டி இல்லை. மருந்துக் குப்பியை ஈரமணல் நிரப்பிய பானைக்குள் புதைத்துக் காத்தோம். பிறகு காக்கவும் மருந்து வரவில்லை. பாதை பூட்டு. அந்த உடம்போடு சைக்கிள் மிதித்து, மண்டபத்துச் சனத்துக்கு நிவாரண அரிசி கேட்டு அலைந்தார். காலில் பட்ட காயம் ஆறவில்லை. போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சேமக்காலை வாசலில் நின்றபோது யாகோப்பு அண்ணை குழந்தைபோல அழுதார். அழுதுகொண்டே, "உவையளுக்காக ஓடித்திரிஞ்சுதான் என்ரை சுவாமி செத்தவர்" என்றார். அந்தச் சொல் ஊரெல்லாம் பரவியது. நேற்றுப் பங்குச்சபை கூடியது. ஞாயிற்றுக்கிழமை புதுச் சுவாமி வருகிறார், அதற்குள் மண்டபம் வெறுமையாக வேண்டும் என்று முடிவு. அதனால்தான் இந்த மூட்டைகள். தங்களை 'வாங்கோ' என்று அழைத்த மனிதருக்கு அஞ்சலி செலுத்திவிட்டு நடக்கலாம் என்று வந்திருக்கிறார்கள். எங்கே நடப்பார்கள்? தெல்லிப்பழைக்கா? வீட்டில் கூரை இருக்கிறதா என்று அவர்களுக்கே தெரியாது!

யாகோப்பு அண்ணையை நான் குறை சொல்லமாட்டேன். நோயாளரைக் கொழும்புக்குக் கொண்டுபோகும் கப்பலில் சுவாமிக்கு ஓர் இடம் எடுக்க, அவர் யார் யாருடைய காலில் விழுந்தார் என்று எனக்குத் தெரியும். இடமும் கிடைத்தது. கொழும்பில் மருந்து இருந்தது. சுவாமி போகவில்லை. ஏன் போகவில்லை? அந்தக் கேள்வி முப்பத்தொரு நாளாக அண்ணையைத் தின்கிறது. பதில் என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு வலிக்கும் என்று விழுங்கி வைத்திருந்தேன். இன்றைக்குச் சொல்லாவிட்டால் சொல்லிப் பயனில்லை.

கப்பல் புறப்படுவதற்கு முதல்நாள் காலை, குசினிக்குள் அவருக்குக் குரக்கன் கஞ்சி கொடுத்தேன்.

"சுவாமி, கப்பலிலை நல்ல சாப்பாடாம். என்ரை சமையலிலையிருந்து தப்ப இதை விட்டால் வேறை வழி இல்லை. போயிட்டு வாங்கோ" என்றேன்.

சிரித்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் போனால், எங்கடை சனம் உவையளை ஒரு கிழமைக்கு மேலை வைச்சிருக்காது, லூர்த்தம்மா."

"ஏன் சுவாமி அப்பிடிச் சொல்லுறியள்? நாங்கள் என்ன அரக்கரே?"

"இல்லையப்பா. நல்ல சனம். பசியிலையும் பயத்திலையும் இருக்கிற நல்ல சனம். நான் நிண்டால் வெக்கத்துக்காகவாவது வைச்சிருப்பினம்."

கேட்டீர்களா? மண்டபத்திலிருந்த சனம் அவரைக் கொல்லவில்லை! சைக்கிளும் கொல்லவில்லை! எங்களை நம்பிவிட்டுப் போக முடியாமல் நின்றார், என் மக்களே. எங்களுக்குப் பூசை வைத்து, எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்து, எங்கள் செத்தவர்களைப் புதைத்த மனிதர், எங்களை நம்ப முடியாமல் நின்று செத்தார். இதைவிடப் பெரிய துக்கம் இந்தக் கூட்டத்தில் வேறென்ன இருக்கிறது?

சுவாமி சொன்னது எல்லாம் வேதவாக்கு என்று இங்கே பேசினார்கள். நான் சொல்கிறேன், அவர் சொன்ன அந்த ஒரு சொல் பொய்யாக வேண்டும்! இந்த ஒன்றில் எங்கள் சுவாமி பிழை விட்டார் என்று ஆகவேண்டும்! அவர் ஒரு கிழமை என்றார். முப்பத்தொரு நாள் வைத்திருந்தோம். அந்த மட்டில் ஏற்கனவே அவரை வென்றுவிட்டோம். வென்ற பிறகு ஏன் தோற்கப் பார்க்கிறோம்? புதுச் சுவாமி வரும்போது மண்டபம் வெறுமையாக இருக்க வேண்டுமா? நிறைந்த மண்டபத்தைக் காட்டி, 'சுவாமி, இது கயித்தான் சுவாமி எங்களிடம் விட்டுப்போனது' என்று சொன்னால் எங்களுக்குக் குறைச்சலா?

என் பேச்சு முடிந்தது. இனி எல்லோரும் எழும்பி மௌன அஞ்சலி செலுத்தவேண்டும் என்று கூட்டத் தலைவர் சொல்லியிருக்கிறார். எழும்ப முதல் ஒரு சொல் கேளுங்கள். இன்றைக்கு எழும்புகிறவர்கள் சுவாமிக்காக மட்டும் எழும்பவில்லை. இந்தச் சனம், திரும்பிப்போக ஒரு வீடு அவர்களுக்குக் கிடைக்கும் வரை, எங்கள் மண்டபத்தில் இருக்கும் என்று சத்தியம் செய்து எழும்புகிறோம். சம்மதம் இல்லாதவர்கள் இருந்தபடியே இருங்கள். ஒருவரும் கோபிக்கமாட்டோம்.

பரமலிங்கம் அண்ணை, சிவக்கொழுந்து அக்கா, நீங்கள் எழும்பவேண்டாம். நீங்கள் இருங்கள். எழும்ப வேண்டியவர்கள் நாங்கள்.

யாகோப்பு அண்ணை, முழங்கால் நோவு எண்டு எனக்குத் தெரியும். இந்தாங்கோ, என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு எழும்புங்கோ.