சனிக்கிழமையை விட்டுத் தர மாட்டோம்

இந்த அவைக்குத் தலைமை தாங்குபவரும், நாளை டெட்ராய்டில் புதிய அட்டவணை மீது நடக்கும் வாக்கெடுப்பில் எங்களுக்காகக் கை தூக்கப் போகிறவருமான கல்லூரி முதல்வர் டாக்டர் ட்ரெவாரோ அவர்களே, கல்லூரிப் பனி ஹாக்கிக் கூட்டமைப்பின் அந்த அட்டவணையோடு வந்து மேடையில் அமர்ந்திருக்கும் திரு. பிரெஸ்காட் லைல் அவர்களே, அக்டோபரில் எடுத்த பனிமண்வெட்டியை மே மாதம் வரை கீழே வைக்காத அயர்ன் ஹார்பர் பெரியோர்களே, உள்ளூர்ப் பிள்ளைக்கும் எதிரணிப் பிள்ளைக்கும் ஒரே அடுப்பில் இறைச்சி பொதிந்த பேஸ்டி சுட்டுப் பசியாற்றும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன? "சத்தமாப் பேசும்மா" என்கிறீர்களா? பேசுகிறேன். என் அண்ணன் ரெய்னோ நம் கல்லூரி அணியின் கோல் வலைக்கு முன்னால் நிற்கிறவன். அவனுக்காகக் கத்திக் கத்திப் பழகிய தொண்டைதான் இது. மைக்கைக் கண்டதும் கொஞ்சம் வெட்கப்படுகிறது. போகப் போகச் சரியாகிவிடும்.

சற்று முன் திரு. லைல் அழகாகப் பேசினார். ஒரே அணியோடு வெள்ளியும் சனியும் மோதுவது பழைய வழக்கமாம், பார்க்கிறவர்களுக்குச் சலிப்பாம். இனி வந்த அணி வெள்ளிக்கிழமை இங்கே ஆடும், சனிக்கிழமை வேறோர் ஊரில் ஆடும். ஒப்புக்கொள்ளாத கல்லூரிக்குக் கூட்டமைப்பில் இடமில்லை என்றும் சொன்னார்.

சலிப்பா? யாருக்குச் சலிப்பு? வெள்ளிக்கிழமை விழுந்தவன் சனிக்கிழமை எழுகிறானா என்று பார்க்க, வண்டியின் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டு வருகிற எங்களுக்கா? ஒரே ஆளை ஒரு முறை அடித்துவிட்டு ஓடிப் போவது எளிது. அடித்த ஊரிலேயே தூங்கி, அடி வாங்கியவன் வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிட்டு, மறுநாள் மறுபடியும் அவன் முகத்துக்கு நேரே வந்து நிற்க வேண்டும். அதற்கு நெஞ்சு வேண்டும். அந்த நெஞ்சை வளர்ப்பது எங்கள் சனிக்கிழமை.

சரி, வெள்ளிக்கு நாங்கள், சனிக்கு யார்? பிர்ச் பாயிண்ட் கல்லூரி. எங்கள் ஜோடியாம். வரைபடத்தில் இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். நேரான கோடு, நேர்த்தியான கோடு. அந்தக் கோட்டின் கீழே என்ன கிடக்கிறது? சொல்லுங்கள். ஆமாம், சுப்பீரியர் ஏரி கிடக்கிறது. பாலம் இல்லாத, பனிக்காலத்தில் படகும் ஓடாத ஏரி. ஏரியைச் சுற்றிக்கொண்டு, அதன் மேற்கு முனையிலுள்ள டுலூத் வழியாகப் போனால், விடியலில் கிளம்புகிறவன் மதியச் சாப்பாட்டையும் வழியில்தான் சாப்பிட வேண்டும். அதுவும் வானம் மனது வைத்தால்.

போன ஜனவரியில் இதை வெள்ளோட்டம் பார்த்தார்களே, மறந்துவிட்டோமா? ஒஹாயோவிலிருந்து மில்பர்ன் கல்லூரி வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வலைக்குள் ஏழு கோல் விழுந்தது. அவர்கள் பெஞ்சிலிருந்து ஒருவன் என் அண்ணனைப் பார்த்து, "டேய் கோல்கீப்பர், கதவைச் சாத்துடா, குளிருது" என்று கத்தினான்.

மறுநாள் காலையில் அவர்கள் பஸ் கிளம்பியது. பனிப்புயல் முந்திக்கொண்டது. சாலையை மூடிவிட்டார்கள். அங்கே பனித்தள்ளி வண்டியோடு நின்ற நம் வெர்ன் கெஸ்கிடாலோவிடம் மில்பர்ன் பயிற்சியாளர் ஹாலிஸ் டிரேட்டன் கேட்டிருக்கிறார்: "எப்ப சார் தொறப்பீங்க? சாயங்காலம் பிர்ச் பாயிண்ட்ல ஆட்டம். மேப்ல எதிர்லதான இருக்கு."

"எதிர்லதான் இருக்கு கோச்," என்றார் வெர்ன். "உங்க பஸ் மிதக்குமா?"

சிரிக்கிறீர்கள். அன்று அவர்கள் சிரிக்கவில்லை. வெர்ன்தான் முன்னால் வழி வெட்டிக்கொண்டு அவர்களை ஊருக்குத் திருப்பிக் கூட்டி வந்தார். பிள்ளைகள் விறைத்துப் போய் அரங்கத்து வாசலில் இறங்கினார்கள். சூப்பைக் கையில் வாங்கிக்கொண்டு டிரேட்டன் எங்கள் பையன்களைப் பார்த்தார். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு ஆடலாமாப்பா?"

என் அண்ணன் காலுறைகளைத் தேடப் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை ஆட்டத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பாருங்கள் திரு. லைல், இந்த மண்டபத்தில் தூக்காத கை உங்களுடையது மட்டும்தான். இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். கதவைச் சாத்தச் சொன்னவன் கடைசி நிமிடத்தில் அடித்த அடியை என் அண்ணன் மார்பில் வாங்கிக்கொண்டு விழுந்தான். அடித்தவனே வந்து தூக்கிவிட்டான். "சாத்திட்டடா பாவி" என்றான்.

ஆனால் அந்த வெற்றி எங்கே? எந்தக் கணக்கில் இருக்கிறது? டிரேட்டன் எங்கள் அரங்கத்திலிருந்தே கூட்டமைப்பைத் தொலைபேசியில் அழைத்தார். "நாங்க தோத்துட்டோம் சார், எழுதிக்கோங்க" என்று கேட்டார். தோற்றவன் தன் தோல்வியைக் கேட்கிறான். கொடுத்தீர்களா, திரு. லைல்? "அட்டவணையில் அப்படி ஓர் ஆட்டமே இல்லை" என்றீர்கள். பிர்ச் பாயிண்டுக்குப் போகாததால் மில்பர்ன் ஆடாமலே தோற்றதாக மட்டும் எழுதினீர்கள். நடந்தது இல்லையாம், நடக்காதது உண்டாம்.

நாங்கள் கேட்பது பெரிய வரமா? அணிகளைச் சாலையைப் பார்த்துச் சேருங்கள், கோட்டைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அடிக்கடி மோதட்டும். தொலைவில் இருப்பவர்கள் வருடம் ஒரு முறை வரட்டும், வந்தால் இரண்டு நாளும் இருக்கட்டும். வெள்ளிக்குப் பதில் சொல்லச் சனி வேண்டும். அதைப் பறித்துக்கொண்டு தருகிற இடம் எங்களுக்கு வேண்டாம்.

முதல்வர் அவர்களே, நாளை நீங்கள் தூக்கப் போவது உங்கள் கை மட்டும் இல்லை. என்ன செய்யப் போகிறீர்கள் என்று எங்கள் முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள்.

எழுந்துவிட்டார். அமைதியாக இருங்கள், அவர் கேட்பது எல்லோருக்கும் கேட்க வேண்டும். "வேண்டாம்னு ஓட்டுப் போட்டா வெளிய தள்ளிடுவாங்கம்மா. அப்புறம் யாரோட ஆடுறது?" என்கிறார். நியாயமான பயம். என் அண்ணனும் நேற்று அதையேதான் கேட்டான். யாருக்காவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

யாரது, பின்வரிசையில் கை தூக்குவது? கோச் டிரேட்டனா? ஒஹாயோவிலிருந்தா வந்திருக்கிறீர்கள்? வழி விடுங்கள், அவர் பேசட்டும்.

கேட்டீர்களா? "நவம்பர்ல மொத வாரம் நாங்க வர்றோம். ரெண்டு நாளும் இருப்போம். எங்களையும் சேத்துத் தள்ளட்டும்" என்கிறார்.

முதல்வர் தலையாட்டுகிறார். மைக்கிலேயே சொல்லுங்கள் ஐயா.

"வேண்டாம்னுதான் போடுவேன்."

இதற்கு மேல் நான் பேசினால் அது அதிகம். இந்தப் பிஞ்சுக் குரலுக்குச் செவி கொடுத்த அவைக்கு நன்றி. வென்றபோதும் வீழ்ந்தபோதும் இருக்கையை விட்டு எழாத என் ஊருக்கு நன்றி. தோல்வியை நேர்மையாகக் கேட்ட எதிரணிக்கு நன்றி. நவம்பரில் அரங்கத்தில் சந்திப்போம். வணக்கம்.