ஆற்றிய பால்

எங்கள் வீட்டில் எப்போதும் எருமைப்பால்தான். இறக்கி வைத்த சூட்டிலேயே ஆடை கட்டிவிடும். அன்று காலையும் அடுப்பில் பால் இருந்தது. அதற்கென்று தனியாகக் காய்ச்சவில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், வக்கீல் மேடம்.

என் கணவர் நல்லுசாமி ஜீயபுரத்தில் வாழை போடுகிறவர். மகள் பவித்ரா காலேஜில் யாரோ பையனோடு பேசுகிறாள் என்று கேள்விப்பட்டு மண்வெட்டிக் காம்பை ஓங்கினார். ஓங்கிய கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மூச்சு நின்றுவிட்டது. அடி வாங்க இருந்தவளே ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர் ஸ்தனிஸ்லாஸ் கெட்டிக்காரர். நெஞ்சை அமுக்கினார். முகத்தில் மூடி வைத்து, பையைப் பிசைந்து காற்றுக் கொடுத்தார். போன உயிர் திரும்பியது. கண் திறக்கவில்லை, ஆனால் தானாக மூச்சு விட்டார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள்.

"அக்கா, இப்படியே புடிச்சிக்குங்க. மல்லாத்திடாதீங்க. வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட விடக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும்."

எங்கள் சந்தில் வண்டி நுழையாது. ஸ்ட்ரெச்சர் தூக்கிவர அவர் டிரைவரோடு ஓடினார். பவித்ராவும் கூடப் போனாள். வாயில் விட்டது மூச்சுக்குழாய்க்குள் போகும் என்று ஸ்தனிஸ்லாஸ் சொல்லும்வரை எனக்குத் தெரியாது.

வாசலில் நாத்தனார் மயிலம்மாள் மாரடித்துக்கொண்டிருந்தாள். "உசுரு இழுத்துக்கிட்டுக் கெடக்கு அண்ணி, பாலை ஊத்துங்க. எங்கண்ணன் நிம்மதியாப் போகட்டும்." இழுத்துக்கொண்டிருக்கும் உயிருக்குப் பால் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஊரே சாட்சி சொல்லும். ஆனால் வழக்கத்துக்குப் பின்னால் நான் ஒளியப் போவதில்லை.

எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற மனிதர் இல்லை அவர். எழுந்தால் விட்ட இடத்தில் தொடங்குவார். என் முதுகு பழகிவிட்டது; அவள் முதுகும் பழக வேண்டியதில்லை.

மல்லாத்தினேன். வாயைத் திறந்து ஊற்றினேன். இருமினார். மறுபடியும் ஊற்றினேன்.

திரும்பி வந்த ஸ்தனிஸ்லாஸ் தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்சினார். வெள்ளையாக வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலை குனியவில்லை. ஸ்ரீரங்கம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பயத்தில் செய்தேன் என்று சொன்னால் தண்டனை குறையும் என்கிறீர்கள். வேண்டாம், மேடம். அந்த மனிதருக்கு நான் ஒருநாளும் பயந்ததில்லை. பதற்றமும் இல்லை. ஊற்றுவதற்கு முன்னால் ஆடையை எடுத்துவிட்டு, பாலை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி நன்றாக ஆற்றினேன். சூடாகக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.