முப்பத்திரண்டு விநாடி

இரவு ஒன்றே முக்கால். பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டிய சந்து. நாய்கூட இல்லை. ஒருவன் வேகமாக நடக்கிறான்... அவன் பெயர் சபாபதி. என் தோழி நல்லம்மாளின் தம்பி மகன். நடந்தது தொண்ணூற்றொன்பதில்.

நெருங்கி உட்காருங்கள் கண்ணுகளா. பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளலாம்.

சபாபதியும் அவன் கூட்டாளி தங்கமணியும் கம்ப்யூட்டரில் பாட்டு, படம் ஓட்டுகிற ஒரு ப்ரோகிராம் எழுதினார்கள். இலவசம். உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம். குறை இருந்தால் அவர்களுக்குச் சொல்லலாம். நல்ல காரியந்தான். ஆனால் சபாபதி இருக்கிறானே... தன் மூளையைத் தவிர மற்றதெல்லாம் களிமண் என்று நினைக்கிற பிறவி. யார் குறை சொன்னாலும் ஒரே பதில்: "பிழை இல்லை. உங்களுக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை."

ஒருநாள் கிள்ளானிலிருந்து தபாலில் ஒரு டிஸ்கெட் வந்தது. கைக்குட்டையில் சுற்றியிருந்தது. கற்பூர வாசம். அனுப்பியவள் இராஜம்மா. மோட்டார் சைக்கிளில் போய் லோரியில் அடிபட்டுச் செத்த மகனின் குரல் அதில் இருந்தது. பழைய கேசட்டை டேப் ரெக்கார்டர் மென்று விட்டது. மிச்சம் இந்த நகல் ஒன்றுதான்.

மறுநாள் போன் வந்தது.

"தம்பி, நூத்தித் தொண்ணூத்திரண்டு விநாடி இருக்கணும். ஒங்க ப்ரோகிராம் நூத்தி அறுபதுல நின்னு போவுது. அந்தக் கடைசியிலதான் எம்மவன் என்னைக் கூப்புடறான்..."

"ஆன்டி, ஒங்க செட்டிங் தப்புலா. அதுக்கு மேல ஒண்ணுமே இல்ல. போய்ப் படுங்க."

போனை வைக்கும் முன்பே சபாபதி சிரித்தான். ஹெஹ்ஹே என்று, மூக்கால். அவள் காதில் விழுந்திருக்கும்.

"ஃபைல தொறந்தாவது பாருடா," என்றான் தங்கமணி.

"கெழவிங்களுக்குக் கைப்புடிச்சி வேலை சொல்லிக் கொடுக்கவா நான் இருக்கேன்?"

அவர்களுக்கு ஒரு வழக்கம். புகாரோடு வரும் ஃபைலைச் சோதனை வரிசையில் சேர்ப்பார்கள். இரவு இரண்டு மணிக்கு கம்ப்யூட்டர் தானாக எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, எதிர்பார்த்த விடை வந்தால் 'சரி' என்று எழுதும். சபாபதி என்ன செய்தான்? பிழையைத் தேடவில்லை. எதிர்பார்க்கும் விடையை நூற்றி அறுபது என்று மாற்றி வைத்தான். ஆக, எல்லாம் சரி! படித்த பிள்ளையின் லட்சணம்.

மறுநாள் காலை 'தவறு' என்று வந்திருந்தது. ஓடியது நூற்றி அறுபத்தொன்று.

விடையை அறுபத்தொன்றாக்கினான். அடுத்த இரவு அறுபத்திரண்டு. திருத்தத் திருத்த... இரவுக்கு ஒரு விநாடி. ஃபைலை அழித்தான். காலையில் அதே இடத்தில் இருந்தது.

நூற்றித் தொண்ணூற்றொன்று வந்த அன்று கிள்ளானுக்குப் போன் செய்தான். இராஜம்மாவின் தங்கை எடுத்தாள்.

"அக்கா தவறி ஒரு மாசம் ஆச்சே தம்பி. ஒங்ககிட்டப் பேசின அன்னிக்கு ராத்திரியே..."

அதனால்தான் அந்த நடை.

ஆபீஸில் ஏர்கோன் சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கற்பூர வாசம். மணி இரண்டு. விடையை நூற்றித் தொண்ணூற்றிரண்டு என்று மாற்றிவிட்டு ஹெட்போனை மாட்டினான்.

நூற்றி அறுபது... நிற்கவில்லை. குழாயில் நீர் சொட்டும் சத்தம். டக்... டக்... ஒரு பையன் குரல்: "அம்மா..."

டக்... டக்...

மிக அருகில், ஒரு பெண்: "வந்துட்டேன்டா கண்ணு."

நூற்றித் தொண்ணூற்றிரண்டு. திரையில் 'சரி'.

ஆனால் எண் நிற்கவில்லை. தொண்ணூற்றிமூன்று... ஹெஹ்ஹே. மூக்கால். அவனுடைய சிரிப்பு.

காலையில் தங்கமணி வந்து ஹெட்போனைக் கழற்றியபோதும் சபாபதி நாற்காலியில்தான் இருந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. இன்றும் செந்தூலில் இருக்கிறான். பேசுவான், சாப்பிடுவான்.

சிரிப்பு வந்தால் மட்டும்... வாய் திறக்கிறதாம், தோள் குலுங்குகிறதாம். நல்லம்மாள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள்.

சத்தம் வருவதில்லை.