நோன்புத் தெருவில் ஒரு பாட்டில் தண்ணீர்

இந்தத் தண்ணீர் இப்போது வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. நோன்பு வைத்திருக்கும் உங்கள் முன்னால் குடிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மாலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்ன பிறகு குடித்துக்கொள்கிறேன். அதுவரை நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

என் பெயர் கெபிருங்கி. கம்பாலாவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். நப்போசாவும் அச்சானும் பள்ளிக்கூடத்திலிருந்தே என் தோழிகள். நப்போசாவுக்குப் பிறவியிலேயே சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் போல் வளைந்து ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். உங்கள் ஊரிலும் இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். குளிர் ஆகாது, அலைச்சல் ஆகாது. எல்லாவற்றையும்விடத் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. குடிக்காவிட்டால் எலும்புக்குள் வலி பிடிக்கும். அவள் தோள் சுமை தாங்காது என்பதால் அவளுடைய தண்ணீர் பாட்டிலை எப்போதும் என் பையில்தான் வைத்திருப்பேன். பள்ளி நாளிலிருந்தே அது என் வேலை. யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை. யாரும் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளவும் இல்லை.

எங்கே போனாலும் ஒரே கதைதான். ஏரிக்கரைக்குப் போனால் அவளுக்குக் குளிரும், பாதியில் திரும்புவோம். கல்யாண வீட்டில் ஆட்டம் தொடங்கும்போது அவளுக்கு முழங்கால் வலிக்கும். "நீங்க இருந்து ஆடுங்கடி, நான் வண்டியில படுத்திருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அதற்குப் பிறகு யாரால் ஆட முடியும்? அவள் திட்டியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

மொம்பாசாவுக்குப் போனபோது மட்டும் வேறு மாதிரி நடந்தது. வலி முற்றி அவளை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். கூட நிற்கக் கூடாது என்று நர்ஸ் எங்களை விரட்டிவிட்டாள். அன்று நானும் அச்சானும் கடற்கரையில் பொரித்த மீன் தின்றோம், ஒட்டகம் ஏறினோம். நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே பயணம் அது. அந்த நாளை நான் மறக்கவில்லை.

இங்கே, சான்சிபாரில், எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கடல் வற்றும்போது நடுவே தலைகாட்டுமே ஒரு வெள்ளை மணல் திட்டு, அங்கே போக வேண்டும். சிறுவயதில் ஒரு நாள்காட்டியில் அதன் படத்தைப் பார்த்தேன். வந்த அன்றே நப்போசா கடலில் இறங்கினாள். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. படகு ஏற்பாட்டைத் தள்ளிப்போட்டோம். அதற்கடுத்த நாளும் தள்ளிப்போட்டோம்.

"மகாராணி இன்னிக்காவது எந்திரிப்பாங்களா, இல்ல பல்லக்குக்குச் சொல்லி அனுப்பணுமா?" என்றாள் அச்சான்.

"பல்லக்கே வரட்டும். தூக்க நீ இருக்கியே, தடிச்சி" என்றாள் நப்போசா.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று பகலில் அச்சான் விடுதியிலேயே கையில் மருதாணி வைத்துக்கொண்டாள். நானும் நப்போசாவும் கிராம்பு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனோம். நல்ல வெயில். கொஞ்ச தூரத்திலேயே அவள் கை நீட்டினாள்.

"கெபி, ஒரு வாய் தண்ணி குடுடி. நாக்கு ஒட்டுது."

"தெருவுல எல்லாரும் நோன்புல இருக்காங்க. அவங்க முன்னால குடிச்சா நல்லாவா இருக்கும்?"

"அட ஆமாம். நான் ஒரு மடச்சி" என்றாள்.

பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டு வணக்கம் சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் அவள். பிறர் மனம் நோகும் என்று சொன்னால் போதும், உயிர் போனாலும் அதைச் செய்ய மாட்டாள். அது எனக்குத் தெரியும். விடுதிக்குத் திரும்பலாமா என்று கேட்டாள். இன்னும் ஒரு தெருதான் என்றேன். பிறகு இன்னொரு தெரு என்றேன்.

கிராம்புக் கடை ஸுஹுரா அம்மா உங்களிடம் சொன்னது உண்மைதான். நப்போசா அவர் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. அந்த அம்மாவே உள்ளே போய்க் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"நோயாளிக்கு ஏது நோன்பு மகளே? உங்களுக்கு நோன்பே கிடையாதே. குடிக்கச் சொல்லு."

நான்தான் குவளையைத் தள்ளினேன். "இவளுக்கு ஒரு நோயும் இல்லம்மா. வெயில் அசதி, அவ்வளவுதான்" என்றேன். நப்போசா என்னைப் பார்த்தாள். அவளும் குவளைக்குக் கை நீட்டவில்லை. மறுத்துப் பேசினால் எனக்கு அவமானம் என்று நினைத்திருப்பாள். அப்படிப்பட்டவள்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, ஐயா. மொம்பாசா மாதிரி ஒரு நாள் ஆஸ்பத்திரியில் படுக்கட்டும், நர்ஸ் எங்களை விரட்டட்டும் என்றுதான் நினைத்தேன். இந்த முறை வலி எலும்போடு நிற்கவில்லை, நெஞ்சில் பிடித்துக்கொண்டது. அதை நான் எப்படி எதிர்பார்ப்பேன்? இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் யாரையும் விரட்டவும் இல்லை. அச்சான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் படகுக்காரர் சொன்னபடி வந்து நின்றார். அவரை இன்னொரு முறை ஏமாற்றுவது முறையில்லை. நான் போனேன்.

திரும்பி வரும்போது அச்சான் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். கையில் மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.

"எங்கடி போன? கடைசி வரைக்கும் உன் பேரத்தான் சொன்னா. 'கெபிய கூப்பிடு, தண்ணி அவகிட்டதான் இருக்கு'ன்னு."

ஆமாம், என்னிடம்தான் இருந்தது. முந்தின நாள் நிரப்பிய பாட்டில், மூடிகூடத் திறக்காமல் பைக்குள் கிடந்தது. அந்த மணல் திட்டில்தான் அதை முழுக்கக் குடித்தேன், ஐயா. படகுக்காரர் நோன்பில் இருந்தார் என்பதால், அவர் மனம் நோகாதபடி முதுகைத் திருப்பிக்கொண்டுதான் குடித்தேன்.