வரலாம் வரலாம்

உக்காருத்தா ஹேமா, அந்தப் பழைய டயரு மேலயே உக்காரு. ஓனரு ஸ்டான்லி இப்பத்தான் கம்பத்துக்குக் கெளம்பிப் போனாக, வர மதியமாகும். அதுவும் நல்லதுதான். ஏன் நல்லதுங்கிறியா? ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன். டீ சொல்லட்டுமா? வேணாமா, சரி. இதென்ன பையி? திராட்சையா? ஓடைப்பட்டித் தோட்டத்துல ஒம்புருசன் சசி பறிச்சதா? எனக்கு எதுக்குத்தா இதெல்லாம். அங்கனயே வையி.

வெளங்குது, வெளங்குது. ரெண்டாவது டிரெய்லரு வந்திருக்கு, அதுக்கு டிரைவரு வேணும், நான் ஒரு வார்த்த சொன்னா சசியச் சேத்துக்குவாக. அதானே? தாராளமாச் சொல்லலாம். சசி ஓட்டி நான் பாத்ததில்லையா? பக்கப் பலகையே இல்லாத இந்த மாதிரி மொட்ட வண்டியில ஜேசிபிய ஏத்திச் சங்கிலி போட்டுக் கட்டிக்கிட்டு, மேகமலை வளைவுல என்னமா ஏத்துவான். நானெல்லாம் அவங்கிட்டக் கத்துக்கிட்டவந்தான்.

என்னது, அவன் வரமாட்டேங்குறானா? நீ இங்கன வந்ததே அவனுக்குத் தெரியாதா? அப்படியா சொல்றான், ரிவர்ஸ் எடுக்குறப்ப பின்பக்கக் கணக்கு எனக்குப் போயிருச்சு, இனிமே ஸ்டேரிங்கத் தொடமாட்டேன்னு? ரெண்டு வருசமாவா? எங்கிட்ட அப்படிச் சொன்னதேயில்லையே. எங்கன பாத்தாலும் சிரிச்சுக்கிட்டே, நல்லா இருக்கியா ராஜான்னுதான் கேப்பான். பாவிப்பய, ஒருதடவ என்னய வஞ்சிருக்கலாம்.

நீ அழுகாதத்தா. கேளு. அன்னைக்கு இங்கன வேல கேட்டு வந்தப்ப நடந்தது ஒனக்கு முழுசாத் தெரியாது.

அப்ப எட்டு மாசமா எங்க ரெண்டு பேருக்கும் நெல வேல இல்ல. விடிஞ்சதும் சின்னமனூரு பைபாஸ் டீக்கடையில போயி உக்காந்திருப்போம், எவனாவது டிரைவரு லீவு போட்டா ஆக்டிங் கூப்பிடுவாகன்னு. பாதி நாளு சும்மாதான் திரும்புவோம். எம்பொண்டாட்டி பாத்திமா, இன்னைக்கும் வண்டி கெடைக்கலையான்னு ஒருநாளும் கேக்கமாட்டா. அதுதான் தாங்கமுடியாது. அந்த நேரத்துலதான் ஸ்டான்லி நெலையா ஒரு ஆளு வேணும்னாக. ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம். எடம் ஒண்ணு.

பரீட்ச என்னன்னா, அந்தா தெரியுதுல்ல செட்டு, வண்டிய ரிவர்ஸ்ல அதுக்குள்ள விடணும். சசி மொதல்ல ஏறுனான். என்னயப் பின்னாடி நின்னு குரல் குடுக்கச் சொன்னாக.

இந்த வண்டியில இடதுபக்கப் பின்மூலை டிரைவருக்குத் தெரியாதுத்தா. கண்ணாடியிலயும் விழுகாது. நிக்கிறவன் வரலாம்னா வரணும், நிப்பாட்டுன்னா நிப்பாட்டணும். மூஞ்சி குடுத்துப் பேசாதவனா இருந்தாலும் அந்த எடத்துல ஒருத்தன் பொய் சொல்லமாட்டான். அந்த ஒத்தக் குரல நம்பித்தான் நாங்க வண்டியப் பின்னாடி எடுக்கோம்.

செட்டு வாசல்ல சிமெண்டு பூசுன கல்தூணு நிக்கிதுல்ல, சசி இடிச்சது அதத்தான். ஓனரு வையக்கூட இல்ல. எறங்குப்பான்னாக, அம்புட்டுத்தான். அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அடுத்து நான் ஏறுனேன். எனக்கு யாரு பின்னாடி நின்னான்னு நெனக்கிற? சசிதான். வேல போன கையோட நின்னு எனக்குக் குரல் குடுத்தான்த்தா. லேசா ஒடி ராஜா, வா, வா, போதும் நிப்பாட்டுன்னு. ஒரு கீறல் இல்லாம வண்டி உள்ள போச்சு.

இப்பவும் நான் செட்டுக்குள்ள வண்டி விடுறப்ப எறங்கி நாலு தடவ பாத்துட்டுத்தான் ஏறுவேன். யாரு வரலாம்னாலும் எனக்கு நம்பிக்க வாரதில்ல. எல்லாரும் என்னயக் கேலி பண்றாக.

நான் வேணும்னு நெனச்சுச் செய்யலத்தா. வாயி தானா... இல்ல, அப்படிச் சொல்லக்கூடாது. இன்னைக்கு வரைக்கும் அது அல்லாவுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்.

ஓனருகிட்ட மதியம் நானே சொல்லிக்கிறேன், அவுக என்னய வச்சுக்கிட்டாலும் சரி, அனுப்புனாலும் சரி. நீ வீட்டுக்குப் போனதும் சசிகிட்டச் சொல்லு. அவன் கணக்கு தப்பல. தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டேதான் வரலாம், வரலாம்னு சொன்னேன்.

என்னத்தா, எந்திரிச்சிட்ட? ஏதாவது சொல்லிட்டுப் போத்தா. அந்தத் திராட்சையவாவது எடுத்துட்டுப் போ.